விடுதலையான அன்று இரவு எங்கே படுப்பான்?

(தென்காசியில் வாசகர் கூட்டமொன்றில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரிய கடத்தல்காரர்களைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. ஆந்திர மலைகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கஞ்சா ஏற்றிவருகிறவன், அதைப் புளியரை வழியாகக் கேரளத்துக்குள் கடத்துகிறவன், அவனுக்கு முதல் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவன், இவர்களுக்குச் சட்டம் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டுகள் கடுங்காவல். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

நான் பேச வந்தது சட்டைப் பையில் நாலு பொட்டலத்தோடு பிடிபடுகிறவனைப் பற்றி. அதுவும் முதல்முறை பிடிபடுகிறவனைப் பற்றி அல்ல. அவனுக்காக அழுவதற்கு ஒரு தாய் இருப்பாள், ஓடிவர ஒரு மாமா இருப்பார், கல்லூரி முதல்வரிடம் கெஞ்ச ஓர் ஆசிரியர் இருப்பார். ஆறாவது முறை, ஏழாவது முறை பிடிபடுகிறவனுக்கு யாரும் வருவதில்லை. ஸ்டேஷன் ரைட்டருக்கு அவனுடைய தகப்பன் பெயரும் மச்ச அடையாளமும் மனப்பாடம். நீதிமன்ற ஊழியருக்கு அவன் முகம் பழக்கம். “மறுபடியும் நீயா?” என்று ஏட்டையா கேட்பார். ஒவ்வொரு முறையும் அவனிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி அதுதான்.

இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். வயது முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்கு வருவான். லாட்ஜில் ரூம்பாய் வேலை, வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலை, பழக்கடையில் கூடை தூக்கும் வேலை, எண்ணெய் தேய்த்துவிடும் வேலை, எது கிடைத்தாலும் செய்வான். ஆவணி முடிந்தால் கூட்டம் வடிந்துவிடும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரும்போது மறுபடி இரண்டு மாதம் கையில் காசு புழங்கும். தை பிறந்தால் அதுவும் இல்லை. நடுவில் கிடைத்தால் கொத்தனாருக்குக் கையாள், இல்லையென்றால் கேரளத்துக்கு பஸ். படுப்பது கடைத் திண்ணையில், மண்டபத்தில், பஸ் ஸ்டாண்டில். வீட்டிலிருந்து என்றைக்கோ வெளியேறிவிட்டான் அல்லது வெளியேற்றப்பட்டுவிட்டான். பகலில் உடம்பு வலிக்கு மாத்திரை, இரவில் தூக்கத்துக்குக் கஞ்சா, காசிருக்கும் நாளில் பிராந்தி. தனக்கு வேண்டிய பொட்டலத்துக்குக் காசு சேர வேண்டுமென்பதற்காக இன்னும் இரண்டு பொட்டலத்தை யாருக்கோ கைமாற்றுவான். சட்டத்தின் கண்ணில் அவன் வியாபாரி. அவன் கையில் இருக்கும் லாபமோ அடுத்த வேளைப் புகை மட்டும்தான்.

பிடிபட்டதும் நடப்பதை நம் வழக்கறிஞர்கள் அறிவார்கள். ஜாமீன் கிடைத்தாலும் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட அவனுக்கு யார் இருக்கிறார்கள்? கிளைச்சிறையிலோ பாளையங்கோட்டைச் சிறையிலோ கிடப்பான். பிறகு ஒரு வாய்தாவில் “ஒப்புக்கொள்கிறேன் ஐயா” என்பான். இருந்த நாட்களே தண்டனையாகக் கழிந்து, கொஞ்சம் அபராதத்தோடு வெளியே வருவான். குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் அவனுக்குத் திறந்திருக்கும் மிகக் குறுகிய வழி. மாலையில் வாசல் திறக்கும். அன்று இரவு எங்கே படுப்பான்? அதே திண்ணையில், அதே ஆட்களுக்கு நடுவில். இந்த ஒரு கேள்விக்கு நாம் பதில் வைத்திருக்கவில்லை என்பதால்தான் அவன் ஏழாவது முறையும் வருகிறான் என்பது என் வாதம்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை, என்.டி.பி.எஸ். சட்டத்தை, வெறும் தண்டனைச் சட்டமாகவே நாம் படித்துவந்திருக்கிறோம். கஞ்சாவில் ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’. அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014 திருத்தத்துக்கு முன்பு இது ஆறு மாதமாக இருந்தது. பயன்படுத்தியதற்கு 27ஆம் பிரிவு. தண்டனை பெற்றவன் மறுபடி அதே அளவு தண்டனைக்குரிய குற்றம் செய்தால், 31ஆம் பிரிவு உச்ச தண்டனையை ஒன்றரை மடங்காக்குகிறது. இதற்கு மேல் நம் மாநிலத்தின் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம் இருக்கிறது. நாம் குண்டர் சட்டம் என்று சொல்கிறோமே, அதுதான். அந்தச் சட்டத்தின் நீண்ட பெயரிலேயே போதைப்பொருள் குற்றவாளி இருக்கிறான். ஓராண்டு உள்ளே வைக்கலாம்.

ஆனால் அதே என்.டி.பி.எஸ். சட்டத்தில் 39ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அடிமைப்பட்டவன் ஒருவன் 27ஆம் பிரிவின்கீழோ சிறு அளவுக் குற்றத்திலோ குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டால், உடனே தண்டிக்காமல், அவன் சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்கிறது அது. ஒரு பிணைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். ஜாமீன்தாரர் இருந்தும் எழுதலாம், இல்லாமலும் எழுதலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலனைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். அறிக்கையைப் பார்த்து, எச்சரித்து, மூன்றாண்டுக்கு மிகாத நன்னடத்தைப் பிணையில் நீதிமன்றம் அவனை விட்டுவிடலாம். 64அ பிரிவு இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. சிறு அளவு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவன்மீது வழக்கே நடத்தக்கூடாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம்.

இந்த இரண்டு பிரிவுகளையும் இன்று மாலை வீட்டுக்குப் போய் நிதானமாகப் படியுங்கள் என்று இளம் வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை பிடிபட்டவனுக்கு மட்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லை. 39ஆம் பிரிவில் வயது, குணம், முன்வரலாறு, உடல்நிலை, மனநிலை எல்லாவற்றையும் கருதச் சொல்லியிருக்கிறது. முன்வரலாறு இருந்தால் அனுப்பாதே என்று சொல்லவில்லை. ஆறு முறை அதே அரைக்கால் கிலோவுக்குள் பிடிபட்டவனுடைய முன்வரலாறு அவனுடைய நோயின் வரலாறுதான். திரும்பத் திரும்ப வருகிறான் என்பதே அவனைச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லும் காரணம். நாம் அதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம்.

நடைமுறை எப்படி இருக்கிறது? விதி சட்டக் கொள்கை மையம் பஞ்சாபில் 2013 முதல் 2015 வரையிலான வழக்குகளை ஆராய்ந்து 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஹெராயின் ஒரு தலைமுறையையே தின்றுகொண்டிருந்த மாநிலம் அது. அங்கேகூட இந்தப் பிரிவுகள் ஏட்டில் உறங்கின என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். அதே மையம் மும்பை குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் 2017, 2018ஆம் ஆண்டுகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைப் பார்த்தது. பத்தில் எட்டுக்கும் மேல் கஞ்சா வழக்குகள், பெரும்பாலும் சொந்தப் புகைக்கு. தண்டனை பெற்றவர்கள் ஏறக்குறைய எல்லோருமே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். நம் கிளைச்சிறையில் கிடப்பவன் சொல்லும் “ஒப்புக்கொள்கிறேன் ஐயா” மும்பையிலும் ஒலிக்கிறது.

ஏன் இப்படி? நீதிபதிகளுக்கு இரக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 39ஆம் பிரிவில் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் இவன் அடிமைப்பட்டவன் என்று ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும். பிடித்தவுடன் மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். காயம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கையெழுத்தாகிறது, முடிந்தது. கை நடுங்குகிறதா, எத்தனை நாளாகத் தூங்கவில்லை, என்ன மாத்திரை போடுகிறாய் என்று கேட்க நேரமும் இல்லை, படிவத்தில் கட்டமும் இல்லை. அடுத்தது, அனுப்புவதற்கு ஓர் இடம் வேண்டும். பிறகு, யாராவது ஒருவர் அவனோடு போக வேண்டும். இந்த மூன்றும் இல்லாத நீதிமன்றத்தில் எந்த நடுவரும் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இடம் என்று சொல்லும்போது நான் குற்றாலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் ஊர் பல தலைமுறைகளாக உடம்பு சரியில்லாதவர்களை ஏற்றுக்கொண்ட ஊர். கும்பினிக் காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் சாரல் காலத்தில் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கேதான் வந்து தங்கினார்கள். அவர்களுக்கு முன்பும் பின்பும், சித்தம் கலங்கியவர்களை உறவினர்கள் தலையில் எண்ணெய் வைத்து அருவியில் நிறுத்திவந்தார்கள். பேரருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்ற நம்பிக்கை தென்மாவட்டம் முழுவதும் இருக்கிறது. இன்று கஞ்சாவால் மனநோய் கண்ட பையனைக்கூட மருத்துவரிடம் போகும் முன் இங்கே கூட்டிவருகிற குடும்பங்கள் உண்டு.

அருவி மனநோயைக் குணப்படுத்தாது. இதைக் குற்றாலநாதர் சந்நிதியிலும் நான் சொல்வேன். ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கலங்கியவனோடு ஒருவர் வருகிறார். பக்கத்தில் தங்குகிறார். சமைத்துப் போடுகிறார். மறுநாள் காலையில் மறுபடி கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். அவனுக்கு நல்லது நடந்திருந்தால் அதில் பாதி இந்தத் துணையால் நடந்தது என்று நான் நம்புகிறேன்.

இதன் இருட்டுப் பக்கத்தையும் நாம் மறக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். தீ பரவியபோது அவர்களால் ஓட முடியவில்லை, சங்கிலியில் இருந்தார்கள். அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அன்பில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள். சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை என்று நான் கேட்கும்போது, ‘மறுவாழ்வு மையம்’ என்று பலகை மாட்டி உள்ளே பூட்டி வைத்து அடிக்கும் இடங்களுக்கு ஆள் பிடித்துத் தரச் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. அதனால் அப்படிப்பட்ட மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் அடியோடு தடைசெய்கிறது. பதிவு எண் இல்லாத வாசலுக்கு ஒருவனையும் அனுப்பக்கூடாது. 39ஆம் பிரிவில் இருக்கும் ‘சம்மதத்தோடு’ என்ற நிபந்தனையையும் ஒரு சடங்குக் கையெழுத்தாக ஆக்கிவிடக்கூடாது.

நல்ல சிகிச்சைக்கு நம் மாநிலத்தில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்ற பெயரில் இந்தியா முழுவதற்கும் வழி காட்டியது. குடியை ஒழுக்கக் கேடு என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அது ஒரு நோய், குடும்பத்தையும் சேர்த்து மருத்துவம் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அவர். 2025இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் தேவை எவ்வளவு என்று பாருங்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவ மையம் நாடு முழுவதும் எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, கஞ்சாப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்.

சிகிச்சை என்றால் என்ன என்பதிலும் நமக்குத் தெளிவு வேண்டும். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். முதல் பத்து நாட்கள் மருத்துவரும் மருந்தும் கட்டாயம். அபின் வகை மாத்திரைகளுக்கும் ஹெராயினுக்கும் மாற்று மருந்து உண்டு. கஞ்சாவுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது, பேச்சும் பயிற்சியும் நேரமும்தான். எதற்கானாலும் படுக்கையில் கிடக்கும் நாட்கள் சிகிச்சையின் முன்னுரைதான். உடம்பிலிருந்து நஞ்சு இறங்கிவிடும். தூக்கம் திரும்பும். பிறகு வெளியே வந்து, காசில்லாத ஒரு மத்தியானத்தில், பழைய கூட்டாளி எதிரே வரும்போது என்ன செய்வான் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

சிறையிலிருந்து வெளியே வரும் நாட்களைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் போதைப்பொருள் அளவு மீறி அவர்கள் இறக்கும் வாய்ப்பு, மற்ற மக்களைவிட 129 மடங்கு. உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவன் பழைய அளவையே எடுக்கிறான். சிறைக்கு அனுப்பி ‘தெளிய வைத்துவிட்டோம்’ என்று நாம் திருப்திப்படும் நாளில்தான் அவன் உயிருக்கு ஆபத்து உச்சத்தில் இருக்கிறது.

அதே வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரத்தில் 2011 அக்டோபரில் ஒரு முயற்சி தொடங்கியது. பெல்டவுன் என்ற பகுதியில் சில்லறைப் போதைக் குற்றத்திலும் பாலியல் தொழில் வழக்கிலும் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களை, காவலரே வழக்குப் பதியாமல் ஒரு துணைப் பணியாளரிடம் ஒப்படைப்பார். அவர் முதலில் கேட்பது சாப்பிட்டாயா, எங்கே தூங்குகிறாய் என்பதைத்தான். தங்குமிடம், மருத்துவம், அடையாள அட்டை, வேலை என்று ஒவ்வொன்றாக அவர் கூடவே அலைவார். முதல் நாளே எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை இல்லை. காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் குற்றவாளிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உருவாக்கிய திட்டம் அது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, திட்டத்தில் சேர்ந்தவர்கள் மறுபடி கைதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 58 சதவீதம் குறைவாக இருந்தது.

பக்கத்து மாநிலமான ஓரிகன் வேறு பாடம் சொன்னது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது குற்றமல்ல என்று 2021 பிப்ரவரியில் சட்டத்தை மாற்றினார்கள். தண்டனையை எடுத்தார்கள், சிகிச்சைக்கான பணமும் படுக்கையும் வந்துசேரத் தாமதமானது. தெருவில் மக்கள் பார்த்தது போதையைத்தான், மருத்துவத்தை அல்ல. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். போர்ச்சுகல் 2001 ஜூலையில் இதே மாற்றத்தைச் செய்தபோது, மூன்று பேர் கொண்ட ஆலோசனைக் குழுக்களையும் சிகிச்சை மையங்களையும் சேர்த்தே கட்டியது. அதனால் இன்றும் நிற்கிறது. ஆகவே சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று கேட்பதற்காக நான் இங்கே வரவில்லை. நம் சட்டம் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கதவுக்கு அப்பால் ஓர் அறை கட்டுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

அறை என்றதும் குற்றாலத்து லாட்ஜ் முதலாளிகள் நினைவு வரும். வருடத்தில் பாதிக்கும் மேல் காலியாகக் கிடக்கும் அறைகள் எத்தனை! அவற்றை வாடகைக்கு எடுத்தால் என்ன என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நானும் அதை நீண்ட நாள் யோசித்தேன். வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தேன். ஆனி பிறந்ததும் காலி செய்யச் சொல்லும் அறை வீடாகாது. தவிர, சீசன் நாட்களில் குற்றாலத்துத் தெருக்களில் பாட்டில் இல்லாத இடம் குறைவு. குடியிலிருந்து மீள்கிறவனை அதற்கு நடுவில் குடிவைப்பது அவனைச் சோதிப்பதாகும். நகராட்சிகள் நடத்தும் வீடற்றோர் விடுதிகள் வேண்டும்தான். ஆனால் அது இரவுக்கு மட்டும் தாங்கும். காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போகிறவனுக்கு ரேஷன் கார்டு கிடைக்குமா? வங்கிக் கணக்குக்கு விலாசம் கிடைக்குமா?

சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய ‘பேனியன்’ அமைப்பு, தெருவில் கிடந்த மனநலம் பாதித்த பெண்களை ஏற்றுக்கொண்டது. சிகிச்சை முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் பலர் காப்பகத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனார்கள். 2015இல் அந்த அமைப்பினர் வேறு வழி எடுத்தார்கள். சாதாரணத் தெருவில், கிராமத்தில், ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். நாலைந்து பேர் அங்கே குடும்பம்போல வாழ்ந்தார்கள். துணைக்கு ஒரு பணியாளர். சமையல் அவர்களுடையது, சாவி அவர்களுடையது. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்டு வாங்கும் வாழ்க்கை. பல ஆண்டுகள் காப்பகத்தில் பேசாமல் இருந்த பெண்கள் கடைக்குப் போய்வரத் தொடங்கினார்கள். குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது என்று 2017 சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. இடைநிலை இல்லங்களையும் துணையோடு கூடிய குடியிருப்பையும் ஏற்படுத்துவது அரசின் கடமை என்கிறது 18ஆம் பிரிவு. போதைநோயும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று முன்பே சொன்னேன். நம்முடைய கோரிக்கைக்கு இதைவிட வேறு என்ன சட்ட ஆதாரம் வேண்டும்?

இதெல்லாம் சென்னையில் நடக்கும், தென்காசியில் நடக்குமா என்பவர்களை ஆய்க்குடிக்கு அழைக்கிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரம். கடற்படை அதிகாரித் தேர்வில் 1975இல் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவமும் படிப்பும் வேலையும் ஒரே வளாகத்தில், பிறகு ஊர் ஊராக வீட்டு வாசல்வரை. 2020இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. கை கால் அசையாத ஒருவரை ஊருக்குப் பாரம் என்று நினைத்த காலத்தில் அதைத் தொடங்கியவர் அவர்.

இனி எதிர்வாதங்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்கு விற்கிறவனுக்கும் வீடா என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கோபம் நியாயம். அவனுக்கு இந்தத் திட்டத்தில் இடம் இல்லை. சிறாரைச் சீரழிப்பதையும் கல்வி நிலையத்தின் அருகே செய்வதையும் தண்டனையைக் கூட்டும் காரணங்களாக 32ஆ பிரிவே பட்டியலிட்டிருக்கிறது. கத்தி எடுத்தவன், அடித்துப் பறித்தவன், அவர்கள் வழக்கு வேறு.

“ஒழுங்காக உழைக்கிறவனுக்கே வீடில்லை, கஞ்சா குடித்தவனுக்கு வீடா?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு எளிதான பதில் இல்லை. நானும் சொல்லப்போவதில்லை. பீடி சுற்றி வாடகை கட்டும் அம்மாவுக்கு முன்னால் நின்று இதை நான் கேட்பது அவருக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் அந்த அம்மாவின் மகனாகவே அவன் இருக்கலாம். அவனைப் பிடிக்க, காக்க, நீதிமன்றத்துக்கு அழைத்துவர, பாளையங்கோட்டையில் சோறு போட, மறுபடி பிடிக்க, இத்தனைக்கும் அவருடைய வரிப்பணம் இப்போதும் செலவாகிறது. அந்தச் செலவில் அவனும் மீளவில்லை, தெருவும் அமைதியாகவில்லை.

காவல்துறை நண்பர்களிடம் ஒரு வார்த்தை. 2022இல் நடந்த கஞ்சா வேட்டையிலிருந்து எத்தனை வழக்கு, எத்தனை கைது என்ற எண்ணிக்கைக்கு நீங்கள் ஒவ்வொரு மாதமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எண்ணிக்கையை எளிதில் நிரப்புகிறவன் இந்தத் திண்ணைக்காரன்தான். எங்கே படுக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். மொத்த வியாபாரி எங்கே படுக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் நேரமும் திறமையும் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். இந்த மனிதர்களைப் பற்றி மாவட்டத்திலேயே அதிகம் தெரிந்தவர் அந்தந்த ஸ்டேஷன் ஏட்டையா. யார் நிஜமாகவே விட நினைக்கிறான், யாருக்கு இந்த மழைக்காலம் தாங்காது என்பதை எந்த மருத்துவரையும்விட முன்னால் அவர் சொல்லிவிடுவார். அந்த அறிவுக்கு இன்று நம் நடைமுறையில் ஒரு மரியாதையும் இல்லை.

நான் கேட்பது சிறிய தொடக்கம். தென்காசியிலும் இலஞ்சியிலும் மேலகரத்திலுமாக நான்கு வாடகை வீடுகள். வீட்டுக்கு மூன்று பேர். பன்னிரண்டு பேருக்கு முழுநேரத் துணைப் பணியாளர் ஒருவர், நல்ல சம்பளத்தில். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு சில ஆண்டுகள் கடந்தவர் யாராவது முன்வந்தால் இன்னும் நல்லது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு அவர்களைப் பார்க்கும். ஒருவன் இடையில் தவறிவிட்டால் அதற்காக வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது, மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வீட்டுக்குள் விற்றால் மட்டும் வெளியேற வேண்டும். நன்னடத்தை அலுவலர் மாதம் ஒருமுறை வந்து பார்த்து, 39ஆம் பிரிவு கேட்கும் அறிக்கைக்கு மருத்துவரோடு சேர்ந்து உதவலாம். பெண்களுக்கு இந்த வீடுகள் போதாது, அவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அது இன்னொரு மாலைக்கான பேச்சு.

வட்டச் சட்டப்பணிகள் குழுவின் வழக்கறிஞர்கள் இங்கே இருக்கிறீர்கள். போதையால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்ட உதவி செய்யத் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2015இலேயே தனித் திட்டம் வகுத்திருக்கிறது. அடுத்த வாரம் கிளைச்சிறைக்குப் போகும்போது, சிறு அளவு வழக்கில் ஜாமீன்தாரர் இல்லாமல் கிடப்பவர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவரிடமும் என்ன பழக்கம், எத்தனை வருடம், எங்கே தங்குகிறாய், சிகிச்சைக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள். அடிமைநிலையைப் பரிசோதித்துச் சான்று தர உத்தரவிடும்படி நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: சிகிச்சை முடிந்தால் எந்த விலாசத்துக்குப் போவான்?

அந்த விலாசத்தைக் கொடுக்கக்கூடியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பூட்டி வைத்திருப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் வாடகைக்கு விடத் தயங்குகிறவர்கள், எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறீர்கள். வாடகை ஒப்பந்தம் தனிமனிதன் பெயரில் இருக்காது, பொறுப்பேற்கும் அமைப்பின் பெயரில் இருக்கும். முன்பணமும் சேதத்துக்கான ஈடும் அதில் எழுதப்படும். அண்டை வீட்டாரிடம் மறைக்காமல் முன்கூட்டியே பேசுவோம். கூட்டம் முடிந்ததும் வாசலருகே ஒரு நோட்டு இருக்கும். உங்கள் பெயரையும் தெருவையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஆனி பிறப்பதற்குள் முதல் வீட்டின் சாவி நம் கையில் இருக்க வேண்டும்.